ஒரே காது உள்ள போன்

2015 வாக்கில் முதன்முதலாக 4ஜி போன் வாங்கியபோது ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏதாவது டவுன்லோடு ஓடும்போது கால் வந்தால், மேலே இருக்கும் 4ஜி மறைந்து ‘எச்’ என்றோ ‘ஈ’ என்றோ மாறிவிடும். பேசி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் 4ஜி திரும்பும். புது போன், புது நெட்வொர்க், ஆனா பேசறதுக்கு மட்டும் ஏன் பழைய வீட்டுக்கு ஓடுது? சமீபத்தில் ஓய்வு நேரங்களில் இதைத் தேடிப் படித்தேன். கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

பேசிக்கொண்டே நகரும் ஒருவரை ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்குக் கைமாற்றும் முறைக்கு, பெல் லேப்ஸைச் சேர்ந்த ஏமோஸ் ஜோயல் 1972-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அவர் ரேடியோ ஆள் இல்லை, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆள். 1983-ல் சிகாகோவில் வணிகச் சேவையாகத் தொடங்கிய ஏஎம்பிஎஸ் நெட்வொர்க்கில் சிக்னலை அளந்தது டவர்கள்தான். போன் சொன்னதைக் கேட்டு சேனல் மாறியது, அவ்வளவே.

1991 ஜூலை 1 அன்று ஃபின்லாந்தில் ஜிஎஸ்எம் வந்தது. அதில் அளக்கும் வேலை போனுக்கும் வந்து சேர்ந்தது. ஜிஎஸ்எம் நேரத்தை எட்டுத் துண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டில் போன் கேட்கும், இன்னொன்றில் பேசும். மிச்ச நேரத்தில் அக்கம்பக்கத்து டவர்களுக்குக் காது கொடுக்கலாம்.

சிக்கல் 3ஜியில் ஆரம்பித்தது. டபிள்யூசிடிஎம்ஏ முறையில் போன் இடைவெளியே இல்லாமல் பேசிக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கும். 3ஜி டவருக்கும் 3ஜி டவருக்கும் நடுவில் இது வசதிதான். பழைய டவரை விடாமலே புதியதையும் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் ஊர் எல்லையில் 3ஜி முடிந்து 2ஜி மட்டும் இருக்கும் இடத்தில் என்ன செய்வது? 2ஜி வேறு அலைவரிசை, வேறு பாஷை. போனில் இருப்பதோ ஒரே ரிசீவர், அதாவது ஒரே காது.

இதற்குப் பொறியாளர்கள் கண்டுபிடித்த வழிக்குப் பெயர் கம்ப்ரெஸ்டு மோடு. 3ஜியின் ஒரு ஃபிரேம் 10 மில்லிசெகண்ட். அதில் 15 ஸ்லாட்டுகள். அவற்றில் 7 வரை காலியாக விட்டுவிட்டு, அங்கே போக வேண்டிய தகவலை மற்ற ஸ்லாட்டுகளில் கூடுதல் பவரோடு திணித்து அனுப்புவார்கள். கிடைக்கும் 5 மில்லிசெகண்டுக்கும் குறைவான மௌனத்தில் போன் 2ஜி பக்கம் ஓடிப்போய் அளந்துவிட்டுத் திரும்பும். இதில் ஒரு வினோதம்: இந்த வித்தை தேவைப்படுவதே சிக்னல் தேயும் எல்லையில்தான். கூடுதல் பவருக்கு வழியில்லாமல் போன் திணறுவதும் அங்கேதான்.

2009 டிசம்பர் 14 அன்று ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் 4ஜி தொடங்கியது. அதில் எல்லாமே டேட்டா பாக்கெட். பழைய டெலிபோன் மாதிரி பேசுவதற்கென்று தனி வழி கிடையாது. குரலையும் பாக்கெட்டாக அனுப்பும் வோல்ட்இ 2012 ஆகஸ்டில்தான் அமெரிக்காவிலும் தென்கொரியாவிலும் சேவைக்கு வந்தது. அதுவரைக்கும், வராத ஊர்களில் அதற்குப் பிறகும், கால் வந்தால் போனை 3ஜிக்கோ 2ஜிக்கோ இறக்கிவிடுவது என்று ஏற்பாடு. சர்க்யூட் ஸ்விட்ச்டு ஃபால்பேக் என்பார்கள். என் போனில் தெரிந்த ‘எச்’ இதுதான்! வோல்ட்இ-யில் பேசும்போதே 4ஜி போய்விட்டால் அழைப்பைப் பழைய நெட்வொர்க்குக்கு மாற்றும் எஸ்ஆர்விசிசி என்ற முறையும் உண்டு. அந்தப் பெயரின் முதல் இரண்டு எழுத்தும் ‘சிங்கிள் ரேடியோ’. அதே ஒரே காது.

ஆக, ஒவ்வொரு தலைமுறையும் கீழே பழைய படி இருக்கிறது என்ற தைரியத்தில் கட்டப்பட்டது. 2016 செப்டம்பரில் வந்த ஜியோவுக்கு 2ஜி, 3ஜி இரண்டும் கிடையாது. கீழே இறங்கப் படியே இல்லை. அது தெரிந்தே வடிவமைத்ததால் முதல் நாளிலிருந்தே வோல்ட்இ, அது இல்லாத 4ஜி போன்களுக்குத் தனி ஆப். ஆனால் இருந்த படியைப் பிற்பாடு உருவினால்?

ஆஸ்திரேலியாவில் அதுதான் நடந்தது. டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2024 அக்டோபர் 28 முதல் 3ஜியை அணைக்கத் தொடங்கின. அதற்கு முன்பே ஒரு விஷயம் தெரியவந்திருந்தது. சில போன்கள் சாதாரண அழைப்புகளை வோல்ட்இ-யில் ஒழுங்காகப் பேசும். ஆனால் அவசர எண்ணான 000-ஐ அழுத்தினால் மட்டும் 3ஜிக்கு இறங்கப் பார்க்கும். போனுக்குள் அப்படி எழுதி வைத்துவிட்டார்கள். தினமும் நன்றாக வேலை செய்யும் போன், உயிர் போகும் நேரத்தில் இல்லாத படியில் கால் வைக்கும். கடைசியில் அப்படிப்பட்ட போன்களுக்கு இணைப்பே தரக்கூடாது என்று அங்கே விதி கொண்டுவந்தார்கள்.

சாஃப்ட்வேர்காரனாக இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஃபால்பேக் கோடு நாங்களும் எழுதுகிறோம். பெரும்பாலும் ஒரே ஒரு முறை டெஸ்ட் செய்துவிட்டு மறந்துவிடுவோம். அது எதன்மேல் சாய்ந்து நிற்கிறது என்று அப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நம் ஊரில் 3ஜியை மூடிய ஏர்டெல், 2ஜியை மூடாமல் வைத்திருக்கிறது. இதைப் பழைய கீபேட் போன்காரர்களுக்கான சலுகை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்தப் படியில் நம்முடைய எத்தனை ஸ்மார்ட்போன்கள் ரகசியமாக ஒரு காலை ஊன்றியிருக்கின்றன என்பதை, 2ஜியை மூட நாள் குறிப்பதற்கு முன்பே எண்ணிப் பார்த்துவிட வேண்டும்.