கட்டளை மேடையும் கரிக்கிடங்கும்: எம்டன் கப்பலின் கருவிகள் கூறும் வரலாறு

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருந்தெருவிலே அமைந்துள்ளது அக்குறணை. மலைகளுக்கிடையே, வணிகத்தாற் பேர்பெற்ற முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாக வாழும் ஊர். கடலுக்கும் இவ்வூருக்கும் நேரான தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும், ஒரு ஜேர்மன் போர்க்கப்பலின் பெயர் இத்தகைய மலைநாட்டு ஊர்களின் பேச்சுவழக்கிலும் ஏறிவிட்டது. சிங்களத்தில் ஒருவனை ‘எம்டன்’ என்றால் அவன் தந்திரசாலி. தமிழில் ‘அவன் பெரிய எம்டன்’ என்றாலோ, எளிதில் அகப்படாதவன், அஞ்சத்தக்கவன் என்பது பொருள். நூறாண்டுக்கு மேல் கடந்தும் சொல் வாழ்கின்றது; கப்பல் மறக்கப்பட்டுவிட்டது.

சொல்லிலே எஞ்சியிருப்பது அச்சமும் வியப்புமே. அக்கப்பல் எவ்வாறு இயங்கிற்று, அதனை இயக்கியவர் யாவர் என்பவற்றைச் சொல் நமக்குக் கூறாது. அவற்றைக் கூறவல்லவை அதன் கருவிகள். ஆகவே, கப்பலின் தலைவன் நின்று ஆணையிடும் கட்டளை மேடையில் அமைந்த கருவிகளை ஒவ்வொன்றாக அடையாளங் கண்டு, அவை சுட்டும் திசையிற் சென்று பார்ப்பது பயனுடைய முயற்சியாகும்.

முதலிற் கப்பலின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1908 இல் டான்சிக் நகரில் நீரிலிறக்கப்பட்ட எம்டன், ‘இலகு குரூசர்’ எனப்படும் வகையைச் சேர்ந்தது. நீளம் ஏறக்குறைய 118 மீற்றர், பத்துப் பீரங்கிகள், பன்னிரண்டு கொதிகலன்கள், ஏறத்தாழ 360 மாலுமிகள். சீனக் கரையில் ஜேர்மனி கைப்பற்றி வைத்திருந்த சிங்தாவ் துறைமுகத்திலிருந்து, 1914 இல் முதலாவது உலகப் போர் மூண்டதும், கார்ல் ஃபொன் முல்லர் என்னும் தலைவனின் கீழ் இது இந்து சமுத்திரத்துக்கு அனுப்பப்பட்டது. மூன்று புகைபோக்கிகள் கொண்ட இக்கப்பல் நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்தி, ஆங்கிலேயக் கப்பல்போற் காட்சியளித்தது. இரண்டு மாதங்களுக்குள் இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்கள் இதன் கையிற் சிக்கின.

இனி மேடையை நோக்குவோம். அக்காலத்துப் போர்க்கப்பலின் கட்டளை மேடையில் முதலிற் கண்ணிற் படுவது, இடுப்பளவு உயரமான பித்தளைத் தூணின்மேல் வட்ட முகத்துடன் நிற்கும் ‘எஞ்சின் டெலிகிராப்’. பக்கத்திற் கைப்பிடி இருக்கும். முகத்தின் ஒரு பாதியில் முன்செல்லும் ஆணைகளும் மறு பாதியிற் பின்செல்லும் ஆணைகளும் எழுதப்பட்டிருக்கும். ‘ஃபோரௌஸ்’ என்பது முன்னே. ‘ட்சுரூக்’ என்பது பின்னே. ‘லாங்சாம்’ என்பது மெதுவாக. ‘ஹால்பே’ என்பது பாதி விசை. எம்டனுக்கு இரண்டு எஞ்சின்கள், இரண்டு சுழலிகள். ஆகவே, இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்கும் வெவ்வேறாக ஆணை கொடுக்க வேண்டியிருந்தது.

முகத்திலே சொற்களின்றிப் பாகைகள் மட்டும் இருந்து, நடுவிற் சுழியமும் இருபுறமும் ஏறக்குறைய நாற்பது வரை எண்களும் காணப்படின், அது சுக்கான் எப்பக்கம் எவ்வளவு திரும்பியுள்ளது என்பதைக் காட்டும் கருவி. ஜேர்மன் மாலுமி வலப்புறத்தை ‘ஸ்டொயர்போர்ட்’ என்றும் இடப்புறத்தைப் ‘பாக்போர்ட்’ என்றும் கூறுவான். பாகைகள் 360 வரை வட்டமாகச் சுற்றிவந்தால் அது திசைகாட்டி. இரும்புக் கப்பலே காந்த ஊசியைப் பிழைபடச் செய்யுமாதலால், அதனைத் திருத்தும் காந்தங்களை அதன் கூட்டினுள் வைத்திருப்பர். எண்கள் நூறு வரையோ அதற்கு மேலோ ஏறிச்சென்றால், சுழலி நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகின்றது என்பதைக் காட்டும் சுழற்சிமானி. சுவரோரத்தில் மூடியிட்ட வாயுடன் வரிசையாக நிற்கும் குழாய்கள், கீழ்த்தளங்களுக்குச் சொல்லைக் கொண்டுசெல்லும் பேசுகுழாய்கள். இரு முனைகளிலும் கண்ணாடி பதித்த நீண்ட குழல், எதிரியின் தூரத்தை அளக்கும் தூரமானி.

இவற்றை அடையாளங் காண்பதற்குரிய விதியொன்று உண்டு. கருவியின் முகத்தை மட்டும் பார்த்தாற் போதாது. அதன் மறுமுனை எங்கே செல்கின்றது என்று கேட்க வேண்டும். சுக்கான் காட்டி கப்பலின் பின்புறத்துக்குச் செல்கின்றது. தூரமானி பீரங்கி வீரரிடஞ் செல்கின்றது. டெலிகிராப்போ கம்பிகளும் சங்கிலிகளும் வழியாகத் தளந்தளமாக இறங்கி எஞ்சின் அறையை அடைகின்றது. மேலே கைப்பிடி திரும்பியதும் கீழே மணி ஒலிக்கும்; அங்குள்ள முள்ளும் அதே ஆணையிற் போய் நிற்கும். கீழே நிற்பவன் தன் கைப்பிடியை அவ்விடத்துக்கே திருப்புவான். உடனே மேடையிலுள்ள விடைமுள் நகர்ந்து, ஆணை கிடைத்துவிட்டது என்று காட்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், இவ்விடையின் தன்மையைச் சற்று ஆராய வேண்டும். கீழே நிற்பவன் சொல்லக்கூடிய மறுமொழி ஒன்றே: மேலிருந்து வந்த ஆணையை அவ்வாறே திருப்பிச் சொல்வது. ‘இயலாது’ என்பதற்கோ ‘ஏன்’ என்பதற்கோ அவ்வட்ட முகத்தில் இடமில்லை.

எஞ்சின் அறைக்கும் அப்பால் கொதிகலன் அறைகள். அங்கே நீராவி அழுத்தத்தைக் காட்டும் முள்ளைத் தாழவிடாது, தீயின் முன் நின்று கரி அள்ளியோர் பெயர்கள் கதைகளில் இல்லை. அக்கரி எங்கிருந்து வந்தது? புறப்படும்போது உடன்வந்த துணைக்கப்பலிலே சீனக் கரி இருந்தது. 1914 செப்டெம்பரிற் பிடிபட்ட பொன்டோபொரொஸ் என்னும் கிரேக்கக் கப்பல் ஏறக்குறைய 6,500 தொன் இந்தியக் கரியை ஏற்றிச் சென்றது. அம்மாதம் 27 ஆம் நாள் பிடிபட்ட புரெஸ்க் என்னும் ஆங்கிலக் கப்பல் ஆங்கிலேயக் கடற்படைக்கென 6,600 தொன் வேல்ஸ் கரியை ஏற்றிவந்தது. இந்தியக் கரி தாழ்ந்த தரம். புகையும் சாம்பலும் மிகுதி. கொதிகலன் அறையில் உழைப்பும் இருமடங்கு. வேல்ஸ் கரியோ உயர்ந்தது. மேடையிலுள்ள முள் எந்தக் கரிக்கும் ஒரே சொல்லையே சுட்டும். சீனத்திலும் வங்காளத்திலும் வேல்ஸிலும் நிலத்தடியில் அதனை வெட்டியெடுத்த கைகளை அது காட்டாது. கைசருக்காகப் போரிட்ட கப்பலின் சுழலிகளை, மன்னர் ஜோர்ஜின் குடிகளான சுரங்கத் தொழிலாளரின் உழைப்பே சுற்றிற்று!

கருவிகளின் மறுமுனை பகைவனிடத்தும் சென்று முடிகின்றது. 1914 செப்டெம்பர் 22 இரவு எம்டன் சென்னையை அணுகியபோது, உயர்நீதிமன்றக் கட்டடத்தின்மேல் அமைந்திருந்த கலங்கரை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வணிகருக்கு வழிகாட்ட ஏற்றிய விளக்கு, பீரங்கிக்கும் இடங்காட்டிற்று. ஏறக்குறைய 3,000 மீற்றர் தூரத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. பர்மா எண்ணெய்க் கம்பனியின் கொள்கலங்கள் தீப்பற்றின. துறைமுகத்தில் உயிரிழந்தோரும் உண்டு. அடுத்துவந்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் நகரைவிட்டு வெளியேறினர். ஃபொன் முல்லர் பிடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளைக் கொல்லாது கரைசேர்த்தவர். அதனால் எதிரிகளாலும் மதிக்கப்பட்டவர். அது உண்மையே. ஆயினும் தூரமானி மீற்றர்களை அளக்கும். அத்தூரத்தின் மறுமுனையில் உறங்குவோரை அளக்காது.

அவ்வாண்டு நவம்பர் 9 ஆம் நாள், கொக்கோஸ் தீவுகளிலே தந்தி நிலையத்தை அழிக்கச் சென்ற எம்டனை அவுஸ்திரேலியக் கப்பலான சிட்னி எதிர்ப்பட்டது. எம்டனின் தொடக்கக் குண்டுகளுள் ஒன்று சிட்னியின் தூரமானியைத் தாக்கி, அதனை இயக்கியவனைக் கொன்றது. பெரிய பீரங்கிகளைக் கொண்ட சிட்னியோ தொலைவில் நின்றே அடித்தது. எம்டனின் முன்பாய்மரமும் புகைபோக்கிகளும் வீழ்ந்தன, மேடையிலிருந்து கட்டளை கடத்தும் தொடர்புகள் சிதைந்தன, சுக்கான் செயலற்றது. இரு சுழலிகளின் விசையை மாற்றிமாற்றியே கப்பலைத் திருப்ப முயன்றனர். மேடை ஊமையான பின்னரும் கப்பலை நகர்த்தியவர் கீழே கரி அள்ளியோர்தாம். முடிவில் வட கீலிங் தீவின் பவளப்பாறையில் எம்டன் மோதி நின்றது. ஏறத்தாழ 130 பேர் மாண்டனர். காயம்பட்ட ஜேர்மன் மாலுமிகளுடன் சிட்னி நவம்பர் 15 அன்று கொழும்பை அடைந்தது. காயமுற்றோரை மதித்து, வரவேற்பு ஆரவாரம் வேண்டாவென அதன் தலைவர் கேட்டுக்கொண்டார்.

இலங்கைக்கு எம்டன் வந்த வகை இதுவே: காயம்பட்ட கைதிகளாக. ஆனால் இங்கு உலவிய வதந்தியோ வேறு. கப்பல் இங்கே தங்கிற்று, அங்கே உணவு ஏற்றிற்று என்றெல்லாம் பேசப்பட்டது. தமிழகத்திலும், செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்தே சென்னையைத் தாக்கினார் என்ற கதை இன்றும் அச்சேறுகின்றது. அந்நாட்களில் அவர் ஐரோப்பாவிலே விடுதலை வேலையில் ஈடுபட்டிருந்தார் என்பதே உண்மை. அவர் பெருமைக்கு அவ்வுண்மையே போதும்.

வதந்தி எப்போதும் இத்தகைய இன்பக் கதையாக முடிவதில்லை. தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்டுத் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்ட போயர் கைதிகளுள் ஏங்கல்பிரெக்ட் என்பவர் ஒருவர். ஆங்கிலேய மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தமையால் அவருக்கு நாடு திரும்ப வழியில்லாது போயிற்று. 1908 முதல் யால வனவிலங்குச் சரணாலயத்தின் காவலராக வாழ்ந்த அவரை லெனாட் வுல்ஃப் தம் நினைவு நூலிலே குறித்துள்ளார். போர்க்காலத்தில், எம்டன் மாலுமிகளுக்கு மாட்டிறைச்சி வழங்கினார் என்ற குற்றச்சாட்டில் அவர் கைதாகி, கண்டியிலே சிறைவைக்கப்பட்டார். எம்டனின் பயணப்பதிவை நோக்குவோர் அறிவர்: அக்கப்பல் மாலைதீவின் பவளத் தீவுகளில் கரி ஏற்றிற்று; டியாகோ கார்சியாவில் தங்கிற்று; இலங்கைக் கரையை ஒருநாளும் தொடவில்லை. இறைச்சி பெற்றதும் டியாகோ கார்சியாவிலேதான். போர் மூண்ட செய்தியே எட்டாத அத்தீவில், அங்கிருந்த ஆங்கிலேயரின் மோட்டார்ப் படகைப் பழுதுபார்த்துக் கொடுத்தமைக்குக் கைம்மாறாக ஒரு பன்றியும் மீன்களும் கிடைத்தன! அந்தப் பன்றியைக் கொடுத்தவர் எவரும் சிறை செல்லவில்லை. கொடாத மாட்டுக்காக ஒரு மனிதன் மலைநாட்டுச் சிறையில் வாடினான். அவர் 1922 இல் அம்பாந்தோட்டையில் இறந்தார்.

இது தனியொருவரின் துயரம் மட்டுமன்று. 1915 மே இறுதியிற் கண்டியிலே மூண்ட கலவரம் பல மாவட்டங்களுக்குப் பரவி, முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் சூறையாடப்பட்டன. அதே போர்க்கால அச்சம் பீடித்த ஆட்சியினர் அதனை ஆட்சிக்கெதிரான சதியென்று கொண்டு இராணுவச் சட்டம் பிறப்பித்தனர். குற்றவாளிகளோடு குற்றமற்ற சிங்கள மக்களும் சுடப்பட்டனர். ஜூலை 7 இல் ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பாற் கொல்லப்பட்டார். பொன்னம்பலம் இராமநாதன் இக்கொடுமையை எதிர்த்து வாதாடி, 1916 இல் நூலும் வெளியிட்டார். மலைநாட்டுக் கடைக்காரனுக்கும் பாதுகாப்பில்லை; அவன் அயலான் விவசாயிக்கும் நீதியில்லை.

கப்பலின் டெலிகிராப்பில், ஆணையை எதிரொலிப்பதற்கேனும் ஒரு விடைமுள் இருந்தது. அன்றைய குடியேற்ற ஆட்சியிலே அதுவும் இல்லை. ஆணை மேலிருந்து கீழே வந்தது. கீழிருந்து மேலே சென்றது வதந்தி ஒன்றே. அவ்வதந்தியையே அளவுகோலாகக் கொண்டு மனிதர் அளக்கப்பட்டனர்.

எம்டனின் பீரங்கியொன்று சிட்னி நகரப் பூங்காவிலே நிற்கின்றது. அதன் மணி அவுஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளது. எஞ்சிய உடல் 1950 களிற் பழைய இரும்பாக உடைத்தெடுக்கப்பட்டது. நம்மிடம் இருப்பது ஒரு சொல். அச்சொல்லைக் கேட்கும்போது, தந்திரம் மிக்க தலைவனை மட்டும் நினைப்பது வரலாற்றில் பாதி. பித்தளை முகத்தில் நிற்கும் முள்ளிலிருந்து கம்பியைத் தொடர்ந்து கீழே இறங்குவோமாயின், அங்கே கரி படிந்த மனிதர் நிற்பர்; கரையில், சாட்சியின்றிச் சிறைப்பட்டவர் இருப்பர். அவர்களையும் அடையாளங் காண்பதே வரலாற்றுக் கல்வியின் கடமை.