ஊசலாட்டத்தை அடக்கிய கணக்கு



தூத்துக்குடித் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஒன்று சரக்குப் பெட்டகத்தை இறக்குவதைப் பார்த்து நின்றேன். மோட்டாரை விரைந்து முடுக்கிச் சட்டென நிறுத்தினால், வடத்தில் தொங்கும் பெட்டகம் ஊசலாடும். கீழே நிற்பவர் உயிருக்கு ஆபத்து. மெல்ல ஓட்டினாலோ கப்பல் காத்துக் கிடக்கும்.

இக்கவலை பழையது. இந்நகரின் கோரல் ஆலையில் 1908இல் வ.உ.சி. வேலைநிறுத்தத்தை நடத்திய காலத்தில், நூற்பாலைகளைப் பெரும்பாலும் நீராவியே ஓட்டிற்று. வேகம் தள்ளாடினால் நூல் அறுந்துவிடும். அதனைத் தடுக்க, ஜேம்ஸ் வாட் 1788இல் சுழலும் குண்டுகள் கொண்ட வேகச்சீராக்கியை அமைத்திருந்தார். விந்தை என்னவெனில், சில வேளைகளில் அச்சீராக்கியே தள்ளாட்டத்தை வளர்த்தது! தள்ளாட்டம் எப்போது அடங்கும் என்பதை 1868இல் மாக்ஸ்வெல் கணிதத்தால் காட்டினார்.

அடங்கினால் மட்டும் போதுமா? மிகச் சிறந்த வழி எது? பதினான்கு வயதில் பார்வையிழந்த ரஷ்யக் கணித மேதை பொந்திரியாகின், தம் மாணவர்களோடு 1956இல் இதற்கு விடை தேடினார். மிகக் குறைந்த நேரமே குறிக்கோளாயின், பல வேளைகளில் முழு விசையோடு முடுக்கி, உரிய கணத்தில் முழு விசையோடு தடுப்பதே வழி. 1960இல் கால்மன் வேறொரு தராசு பிடித்தார்: பிழை ஒரு செலவு, அதைத் திருத்தச் செலுத்தும் மின்சாரமும் ஒரு செலவு, இரண்டின் கூட்டுத்தொகை குறைய வேண்டும். மோட்டார் சூடேறுவதை அறிந்தவர்க்கு இதன் அருமை புரியும்.

அன்று பெட்டகம் லாரியின்மீது அசையாமல் அமர்ந்தது. இயக்கியவரின் கைப்பழக்கமும் அதில் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.