யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகள்: தோற்றமும் தேய்வும் பேணுகையும்

ஒரு நாட்டின் பழமையை ஆராயப் புகுவோர் கோயில், கோட்டை, கல்வெட்டு, நாணயம் என்பனவற்றையே முதற்கண் நாடுவர். மக்கள் பிறந்து, வளர்ந்து, மணஞ்செய்து, மடிந்த மனைகளை அவர்கள் பெரிதும் நோக்குவதில்லை. அரசன் எழுப்பிய கட்டடத்திற் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். குடிமகன் எழுப்பிய வீட்டில் அவை காணப்படுதல் அரிது. எனினும், ஆட்சி மாற்றங்கள் மக்கள் வாழ்க்கையை எவ்வளவு தூரம் தொட்டன, எவ்விடத்தில் தொடாது நின்றன என்பதை அறிவதற்கு வீட்டினுஞ் சிறந்த சான்று பிறிதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இக்கூற்று மிகவும் பொருந்துவதாகும். 1619இல் தமிழரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. நல்லூர் தன் தலைநகர்ச் சிறப்பை இழந்தது. அரசிருக்கைக் கட்டடங்கள் மறைந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. கோட்டையினுள் ஒல்லாந்தர் 1706இற் கட்டிய தேவாலயம் பிற்காலப் போரில் அழிந்தது. எழுத்துச் சான்றுகளும் அரசுக் கட்டடங்களும் இவ்வாறு அருகிப்போன ஒரு நிலத்தில், ஊர்தோறும் எஞ்சி நிற்கும் பழைய வீடுகள் வெறும் சுவருங் கூரையும் அல்ல. வரலாற்றாசிரியனுக்கு மிஞ்சிய ஏடுகள் அவையே எனலாம். அவ்வேடுகளும் இன்று ஒவ்வொன்றாகக் கிழிந்து வருகின்றன.

பழைய மனை என்றதும் யாழ்ப்பாணத்தார் நினைவுக்கு முதலில் வருவது நல்லூரில் பருத்தித்துறை வீதியோரமாக நிற்கும் மந்திரிமனையாகும். அதன் அயலிலேயே சங்கிலியன் தோப்பு வாயில்வளைவும் யமுனா ஏரியும் உள்ளன. மந்திரிமனை தமிழரசனின் அமைச்சன் வாழ்ந்த இல்லம் என்பது செவிவழி மரபு. ஆயின், அக்கட்டடத்தின் வளைவுகளும், தடித்த தூண்களும், முகப்பின் மரவேலைப்பாடுகளும் ஐரோப்பியக் கட்டடமுறை உள்ளூர்க் கைத்திறனோடு கலந்த ஒரு காலத்தையே காட்டுகின்றன. இன்று காணப்படும் கட்டடம் அரசர் காலத்திற்குப் பிற்பட்டது என்பதே கட்டடக்கலை நோக்கில் ஆராய்ந்தோர் பலரின் கருத்தாகும். இதனால் மந்திரிமனையின் மதிப்புக் குறைந்துவிடுமோ எனின், குறையாது. அரசிருக்கை அழிந்து பல தலைமுறைகள் கழிந்த பின்னரும் அவ்விடத்தின் பெயரை மறவாத ஊர் நினைவு ஒரு சான்று. இருவேறு கட்டடமரபுகள் ஒன்றிய கைவண்ணம் மற்றொரு சான்று. மரபையும் கட்டடத்தையும் தனித்தனியே மதிக்கக் கற்றாலன்றி, இரண்டினையும் இழக்க நேரிடும். காவற்குரிய நினைவுச்சின்னம் என அறிவிக்கப்பட்ட பின்னரும் மந்திரிமனை நெடுங்காலம் பராமரிப்பின்றிச் சிதைந்து வந்தமை, அறிவித்தல் வேறு, காத்தல் வேறு என்பதை உணர்த்துகின்றது.

மந்திரிமனை ஒன்றே. ஆனால் யாழ்ப்பாணத்துக் குடிமக்களின் வாழ்க்கையை உள்ளவாறு காட்டுவன ஊர்களிற் பரந்து கிடக்கும் நாற்சார் வீடுகளாகும். நடுவே வானம் பார்த்த முற்றமும், அதன் நான்கு புறமும் கூரை தாழ்ந்த சார்களுமாக அமைந்தமையின் இப்பெயர் பெற்றது. வீதியிலிருந்து வருபவன் முதலிற் காண்பது வேலியும் படலையுமாம். வசதியுடையோர் வளவுகளில் அப்படலை சங்கடப்படலையாக இருக்கும். அது மேலே சிறு கூரையும் இருபுறம் அமர்வதற்குத் திண்ணையும் உடையது. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி, நீரருந்தி, இளைப்பாறிச் செல்லுதற்கு இடமாயிருந்தது. உள்ளே தலைவாசலும் திண்ணையும் ஆடவரும் விருந்தினரும் இருந்து பேசும் இடம். அதனைக் கடந்தால் முற்றம். ஒரு சாரில் சாமியறையும் நெல்லும் பொருளும் வைக்கும் அறைகளும், பின்சாரில் அடுக்களையும், அதற்கப்பால் கிணற்றடியும் அமைந்திருக்கும். தைப்பொங்கற் பானை ஏறுவதும், மணப்பந்தர் எழுவதும், இறந்தோர்க்குரிய கிரியைகள் நிகழ்வதும் முற்றத்திலேயாம். ஆகவே முற்றம் என்பது வீட்டின் வெற்றிடம் அன்று. குடும்பத்தின் பொதுமன்றம் ஆகும்.

இவ்வமைப்பு வழக்கத்தினால் மட்டும் வந்ததன்று. நிலத்தின் இயல்பறிந்து வந்தது. குடாநாட்டில் வற்றாத ஆறில்லை, சுண்ணக்கற் பாறையின் மேல் மெல்லிய மண்படை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே நீருக்கு ஆதாரம். ஏனைய மாதங்களில் வெயில் கடுமையாகும். நடுமுற்றத்து வெங்காற்று மேலெழ, நிழல் படிந்த சார்களினூடே குளிர்காற்றுப் புகும். மழைக்காலத்தில் உட்கூரைகளின் நீர் பீலி வழியே முற்றத்திற் சேர்ந்து, வடிகால் வழியே வளவினுட் சென்று நிலத்திற் சுவறும். சுவருக்குரிய கல்லும் சாந்துக்குரிய சுண்ணாம்பும் அந்நிலமே தந்தவை. கூரைக்கு வைரம் பாய்ந்த பனையே வளையும் சலாகையும் ஆயிற்று. யாழ்ப்பாணத்துப் பனைமரம் ஒல்லாந்தர் காலத்திற் கடல் கடந்து சென்ற வாணிகப் பொருள் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. பண்டு ஓலையால் வேயப்பட்ட கூரைகள் காலப்போக்கில் ஓட்டுக் கூரைகளாயின.

வீட்டின் உறுப்புக்களுக்கு வழங்கும் பெயர்களே ஒரு வரலாற்றுப் பாடமாகும். படலை, முற்றம், திண்ணை, கோடி, கிணற்றடி என்பன தமிழ்ச் சொற்கள். விறாந்தை, குசினி, யன்னல், தீராந்தி என்பனவும், வீட்டினுள் வைக்கப்படும் கதிரை, மேசை, அலுமாரி என்பனவும் போர்த்துக்கேய மொழிவழி வந்தவை. விறாந்தையின் ஒரு மூலையில் வீட்டுத் தலைவர் கணக்கெழுதும் இடத்துக்குக் கந்தோர் என்று பெயரிட்டால், அது ஒல்லாந்தர் தந்த சொல்லாம். போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை நேரே ஆண்டது 1619 முதல் 1658 வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளே. அவர்தம் அதிகாரம் மறைந்தது, சொற்கள் மறையவில்லை. ஆயின் நடுமுற்றத்தையும் சாமியறையையும் கிணற்றடியையும் அயற்சொல் தீண்டவில்லை. வெளியார் வழக்கம் வீட்டின் எந்த வாயில் வரை வந்தது, எந்த வாயிலில் நின்றது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுவது யாது?

இன்று நாற்சார் வீடுகள் என எஞ்சியிருப்பனவற்றுட் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்தவை. அவற்றின் பின்னால் கல்வியும் கடலோடிய உழைப்பும் உள்ளன. 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரி நிறுவப்பட்டது முதல் ஆங்கிலக் கல்வி பரவலாயிற்று. பின்னர்ச் சைவக் கல்லூரிகளும் அக்கல்வியை ஊட்டின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயா சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் பணியாற்றினர். அவர்கள் அனுப்பிய பணமும், ஓய்வூதியத்தோடு மீண்டபோது கொணர்ந்த பணமும் ஊரிற் கல்வீடாயின. தலைவாசற் கதவின் செதுக்குவேலையும், விறாந்தைத் தூண்களின் வரிசையும் பலவிடங்களில் அந்தத் தலைமுறையின் உழைப்பைச் சொல்லி நிற்கின்றன.

இவ்வீடுகள் தேய்ந்தமைக்குக் காரணம் ஒன்றன்று. முதலாவது, உரிமை பற்றியது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1706-1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவராற் தொகுக்கப்பெற்ற தேசவழமை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுக்கின்றது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் ஆழ வேரூன்றியது. ஒரு மகளுக்கு ஒரு வீடு என்றிருந்த வரையில் அவ்வழக்கமே வீட்டைக் காத்தது. குடியிருப்பவளே உரிமையாளியும் ஆனாள். தலைமுறைகள் பெருகி, பங்குகள் பிரிந்து, ஒரே முற்றம் பலர்க்கு உரியதானபோது கூரை ஒழுகினாலும் யார் செலவிடுவது என்பது வழக்காயிற்று. நடுவே மதில் எழுந்த நாற்சார் வீடுகள் இவ்வாறு தோன்றியவை.

இரண்டாவது, பொருள் பற்றியது. 1950இல் காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கிய பின்னர்ச் சீமெந்து எளிதிற் கிடைப்பதாயிற்று. புதுவீடு கட்டியோர் முற்றத்தைக் கைவிட்டனர். பழைய வீட்டைத் திருத்தியோர் சுண்ணாம்புச் சுவரின்மேற் சீமெந்து பூசினர். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்பினது. சீமெந்துப் பூச்சு அவ்வழியை அடைத்துவிடுதலால் ஈரம் சுவரினுள்ளே தங்கி, சாந்தை உதிர்த்து, கல்லையும் தளர்த்துகின்றது. நன்மை கருதிச் செய்த திருத்தமே சுவருக்கு நோயான கதை இது.

மூன்றாவது, போரும் இடப்பெயர்வும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் பெயர்ந்தனர். குண்டு விழுந்து அழிந்த வீடுகள் பல. ஆளின்றி அழிந்தவை அவற்றினும் பல. ஓடு ஒன்று விலகினால் அன்றே ஏறிச் சரிசெய்ய ஒருவர் வேண்டும். அவர் இல்லையெனில் மழைநீர் சலாகையைச் சேரும். சலாகை உளுத்தால் வளை சாயும். வளை சாய்ந்தால் சுவர் திறந்தவெளியாகும். பின்னர் ஆலும் அரசும் அங்கே வேரூன்றும். 2009இற்குப் பின் திரும்பி வந்தோர் கண்டவை பல இத்தகைய இடிபாடுகளே. உரிமையாளர் பலர் இன்று கடல்கடந்த நாடுகளில் வாழ்கின்றனர்.

சட்டம் இவற்றைக் காவாதோ எனின், அதற்கும் எல்லையுண்டு. இலங்கையில் தொல்பொருளாய்வுத் திணைக்களம் 1890இல் தோன்றியது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாளைப் பழமைக்கு எல்லையாகக் கொண்டது. அது கண்டி அரசு ஆங்கிலேயர் வசமான நாள். அதற்குப் பிற்பட்ட கட்டடங்களையும் வர்த்தமானியில் அறிவித்துக் காவற்குட்படுத்த இடமுண்டாயினும், ஒவ்வொன்றாக ஆய்ந்து அறிவிக்க வேண்டியிருத்தலின், குடும்ப வீடுகள் பெரும்பாலும் அவ்வரம்பின் வெளியே நிற்கின்றன. யாழ்ப்பாணத்து வீட்டுமரபின் பொலிவு மிக்க காலமோ 1815இற்குப் பிற்பட்டது. ஆதலால், சட்டத்தின் கண்ணுக்கு அது பழமையும் அன்று. கட்டுவோர் கண்ணுக்கு அது புதுமையும் அன்று.

யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்து வழிவந்த கலைஞானி ஆனந்த குமாரசுவாமி 1905இற் கண்டிப் பிரதானிகளுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், பழைய கட்டடங்களைப் பேணும் கடமையை வலியுறுத்தினார். அரசின் திணைக்களம் இயங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் ஊர்த் தலைவர்களை நோக்கி எழுதியமை கருதற்பாலது. தொல்லறிஞர் கற்களைத் தொகுக்கலாம். வாழும் மரபை ஊராரே காத்தல் கூடும்.

காத்தல் என்பதன் பொருளும் தெளிவாதல் வேண்டும். காலிக் கோட்டை 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. அங்குள்ள ஒல்லாந்தர் கால வீடுகளின் முகப்புக்கள் காக்கப்பட்டன. ஆயினும் அவற்றுட் பல விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன. சுவர் நின்றது, குடி பெயர்ந்தது. இடிந்து மண்ணாதலினும் இது மேலானதே. எனினும், நாற்சார் வீட்டின் உயிர் அதன் முற்றத்து வாழ்க்கையாதலின், குடியிருப்பே முதற்காவல் என்க. குடியிருக்க இயலாதவிடத்து நூலகமாகவோ, சிறுவர் பள்ளியாகவோ, சனசமூக நிலையமாகவோ ஒரு வீடு பயன்படுமாயின், கூரைமேல் ஏறி ஓடு மாற்ற ஒருவர் எப்பொழுதும் உளராவர். திருத்தம் செய்வோர் சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பையே இடுதலும், முற்றத்தைக் கூரையிட்டு மூடாது விடுதலும் பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை.

எல்லா வீடுகளையும் காத்தல் இயலாது. காக்க இயலாதவற்றைப் பதிந்து வைத்தல் இயலும். அதற்கு வேண்டுவன அளவுநாடாவும், நிழற்படக் கருவியும், பொறுமையுமே. வீட்டின் தரைப்படம், சுவரின் கனம், வளை சலாகைகளின் எண், கதவு தூண்களின் வேலைப்பாடு என்பன வரையப்படல் வேண்டும். உறுதியிற் காணப்படும் காணிப்பெயர், பரப்பு, நான்கு எல்லைகள், கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்பன, உரியவர் இசைவு பெற்றுப் படியெடுக்கப்படல் வேண்டும். ஒல்லாந்தர் காலத் தோம்புகளோடு அக்காணிப்பெயர்களை ஒப்பிடின், ஒரு குறிச்சியின் முந்நூற்றாண்டு வரலாறே துலங்கக்கூடும். எந்தச் சாரில் யார் இருந்தார், எந்த மூலையில் எப்பெட்டகம் நின்றது என்று சொல்லவல்ல முதியோர் இன்னும் ஊர்களில் உளர். அவர்தம் மொழியும் ஏட்டில் ஏறுதல் வேண்டும்.

இப்பணிக்குக் கல்லூரி மாணவரினும் தகுதியுடையார் இலர். ஒவ்வொரு மாணவனும் தன் ஊரில் ஒரு பழைய வீட்டை விடுமுறையில் அளந்து எழுதுவானாயின், சில ஆண்டுகளிற் குடாநாட்டின் வீட்டுவரலாறு ஒரு தொகுதியாகத் திரண்டுவிடும். எரிந்த நூல்களிற் பல மீளவில்லை. நிற்கும் வீடுகளை வாசித்துக்கொள்ள இன்னும் சிறிது காலம் உண்டு. அடுத்த மாரிக்கு முன்னரே அப்பணி தொடங்கப்படல் நன்று.