ஊசியும் தறியும்: கண்டியின் இரு கைவினை மரபுகள்

பழஞ்சேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து, ஓரம் மடித்து, நெருக்கமாக நூலோட்டிப் போர்வையாக்கும் வழக்கம் நம்மவர் வீடுகள் பலவற்றில் இருந்தது. என் பாட்டியார் தைத்த அத்தகைய போர்வையொன்றைப் போர்த்தியே சிறுபராயத்தில் நான் உறங்கினேன். அதனைத் தைக்குமாறு அவரை எவரும் பணித்ததில்லை; அதற்கு அவர் கூலி பெற்றதுமில்லை. பரம்பரைக் கைவினை என்றதும் எனக்கு அந்தப் போர்வையே நினைவில் எழும். கண்டியின் கைவினை வரலாற்றைப் படிக்கப் புகுந்தபோதுதான் அச்சொல்லுக்கு வேறொரு முகமும் உண்டென அறிந்தேன்.

முதலில் ஊசியைப் பார்ப்போம். கண்டி இராச்சியத்தில் வெற்றிலைப் பை வெறும் பையன்று. சிங்களத்தில் 'புலத் பைய' எனப்படும் அப்பருத்தித் துணிப்பையில் சிவப்பு, நீல நூல்களால் கொடிகளும் மலர்களும் பின்னப்பட்டிருக்கும். வெற்றிலை, பாக்கு ஆகியவற்றை வைக்க உள்ளறைகள் இருக்கும். பாக்குவெட்டியும் சுண்ணாம்புக் கரண்டகமும் அதன் துணைப்பொருள்கள். பிரதானிகளின் பெரிய பைகளை ஏவலாளர் தோளில் சுமந்து பின்செல்வர். அரண்மனைக்கும் ஆலயங்களுக்கும் வேண்டிய தையல் வேலைகளைத் தொழில்முறைத் தையற்காரர் செய்தனர். ஆயினும் இல்லத்துப் பெண்கள் தம் கையால் பூவேலை செய்த பைகளும் இருந்தன. தாயிடமிருந்து மகள் கற்ற தையல் அது. என் பாட்டியாரின் போர்வைக்கு உறவான மரபு என்று இதனைச் சொல்லலாம்.

இத்தையலை உலகறியச் செய்ததில் ஒரு தமிழர் குடும்பத்துக்கும் பங்குண்டு. சேர் முத்து குமாரசுவாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமி (1877–1947), 1903 முதல் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கினார். பாறைகளைத் தேடிச் சென்றவரின் கண்ணில் கிராமத்துக் கைவினைஞர்கள் பட்டனர். அவருடைய ஆங்கிலேய மனைவி எதெல், கைவினைப் பொருள்களைப் புகைப்படம் எடுத்ததோடு பழைய சிங்களப் பூவேலை பற்றியும் எழுதினார். குமாரசுவாமியின் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல் 1908இல், வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியில், 425 பிரதிகள் மட்டுமே அச்சாகி வெளிவந்தது. பின்னர் அவ்விருவரும் பிரிந்தனர். ஆனால் கைவினை எதெலை விட்டுப் பிரியவில்லை. இங்கிலாந்தில் நெசவும் தாவரச் சாயமிடலும் அவரது வாழ்நாட் பணியாயின. மறுமணத்தின் பின் எதெல் மைரே என அறியப்பட்ட அவர், 1916இல் தாவரச் சாயங்கள் பற்றி நூலொன்று வெளியிட்டார். 1952இல் காலமாகும்வரை இங்கிலாந்தின் தலைசிறந்த கைநெசவாளர்களுள் ஒருவராக அவர் மதிக்கப்பட்டார்.

இனித் தறிக்கு வருவோம். கண்டி நகருக்குக் கிழக்கே விரியும் தும்பறைப் பகுதியில் ஹேனாவல என்றொரு கிராமம் உண்டு. 'ஹண' எனச் சிங்களவரும் மருள் என நம்மவரும் அழைக்கும் செடியினத்தின் இலைகளைச் சீவி நாரெடுத்து, உலர்த்தி, சாயமேற்றிப் பாய் நெய்வோர் அங்கு வாழ்கின்றனர். சிவப்புக்குப் பதங்கக் கட்டை, மஞ்சளுக்கு மரமஞ்சள் என்று தாவரங்களிலிருந்தே சாயம் எடுப்பது பழைய முறை. யானை, பறவை, பாம்பு ஆகிய உருவங்கள் நேர்கோடுகளால் அப்பாய்களில் அமையும். கின்னரர் எனப்படும் சமூகத்தாரே இதன் உரிமையாளர்.

உரிமையாளர் என்று எழுதும்போது என் பேனா சற்றுத் தயங்குகிறது. அரசனுக்கும் பிரதானிகளுக்கும் அழகிய பாய் நெய்து கொடுத்த இம்மக்களைச் சமூகம் ஒதுக்கியே வைத்திருந்தது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் 1681இல் தம் நூலை வெளியிட்டார். பாய் நெய்யும் சாதியின் ஆண்கள் தலையில் எதையும் அணியலாகாது என்ற வழக்கத்தை அவர் அதில் பதிவு செய்துள்ளார். பாய் சபையேறியது, நெய்தவன் தலையில் துணிகூட ஏற அனுமதியில்லை! நம்முடைய ஊர்களிலும் தோளில் துண்டு போட உரிமை மறுக்கப்பட்டோர் இருந்தனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1815இல் கண்டி பிரித்தானியர் வசமானது. நிலத்துக்கு ஈடாகச் சேவை செய்யும் இராஜகாரிய முறை, விகாரை தேவாலய நிலங்கள் தவிர்ந்த ஏனைய இடங்களில் 1832இல் ஒழிக்கப்பட்டது. அரச ஆதரவு அற்றுப்போனதால் கைவினைகள் நலிந்தன என்று குமாரசுவாமி வருந்தினார். அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும் தந்தை தொழிலை மகன் ஏற்கும் பழைய ஒழுங்கை அவர் பெரிதும் போற்றினார். அந்த ஒழுங்கின் அடித்தட்டில் இருந்தவனுக்கு அது பெருமையாக இருந்ததா, விலங்காக இருந்ததா என்ற வினாவுக்கு அவர் நூல் போதிய இடம் தரவில்லை என்பது என் தாழ்மையான கருத்து.

2021இல் யுனெஸ்கோ நிறுவனம், 'தும்பறை ரட்டா கலால' எனும் இப்பாய்க் கைவினையை மானுடத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அப்பதிவிலேயே இச்சமூகம் ஒதுக்கப்பட்டிருந்த வரலாறும் குறிக்கப்பட்டுள்ளது. மருள் நார் அரிதாகிவிட்டதால் இன்று பருத்தி நூலும் பயன்படுகிறது. பாய்கள் சுவரலங்காரமாகவும் மெத்தை உறைகளாகவும் வீடுகளை அலங்கரிக்கின்றன.

என் பாட்டியார் தைக்க விரும்பாதிருந்தால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கலாம். ஹேனாவலத் தறியில் இருந்தவருக்கு அந்த உரிமை நெடுங்காலம் இருக்கவில்லை. இன்று அங்கு தறியில் அமரும் இளையவர் தம் விருப்பத்தோடு அமர வேண்டும். உழைப்புக்கேற்ற ஊதியமும் பெற வேண்டும். கண்டிக்குச் செல்லும் வாசகர்கள் அப்பாய் ஒன்றை வாங்க நேர்ந்தால், விலையைக் குறைக்கப் பேரம் பேசுமுன் அதனை நெய்தவர் யாரென்றும் ஒருமுறை கேட்டறிய வேண்டுகிறேன்.