பெல்லின் பெயர் பெற்ற நோய்

முகத்தின் ஒரு பாதி ஓர் இரவினுள்ளே செயலற்றுப் போதல் உண்டு. நெற்றி சுருங்காது, கண் மூடாது, வாய் மறுபுறம் இழுபடும். முகவாதமென நாம் வழங்கும் இந்நோய்க்கு மேனாட்டார் இட்ட பெயர் 'பெல்லின் வாதம்' என்பது. சேர் சாள்ஸ் பெல் (1774–1842) இதனை முதன்முதற் கண்டமையால் அப்பெயர் வந்ததென்று எண்ணுவாருளர். அது பொருந்தாது. பாரசீக மருத்துவர் அல் றாசி அவருக்கு ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன்னரே இதனை எழுதிவைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மானியராகிய பிரீட்றைக் என்பாரும் இதனைத் தெளிவுற விளக்கியுள்ளார்.

எனின், பெல் செய்தது யாது? மூளையினின்று புறப்படும் பன்னிரண்டு சோடி நரம்புகளுள் ஐந்தாவதும் ஏழாவதும் முகத்தை அடைகின்றன. இரண்டும் ஒரே தொழில் புரிவன என்றே அந்நாளில் பலர் கருதினர். அக்கருத்தின் விளைவு கொடியது. முகத்திலே பொறுக்கலாற்றாத நோவுடையார்க்குச் சத்திரவைத்தியர் சிலர் ஏழாம் நரம்பை அறுத்தனர். நோவு தீர்ந்திலது, முகமோ கோணிற்று. நோயாளி இரு துன்பங்களோடு வீடு திரும்பினார்.

1821 ஆம் ஆண்டு இலண்டன் றோயல் சங்கத்தில் வாசிக்கப்பட்ட கட்டுரையிலே, கழுதையிற் செய்த சோதனைகளைப் பெல் விவரித்தார். ஏழாம் நரம்பை அறுத்தவிடத்து, மூச்சோடு விரியும் மூக்குத்துளையின் அசைவு நின்றது. ஐந்தாம் நரம்பின் கிளையை அறுத்தவிடத்து உதட்டின் உணர்ச்சி அற்றது. விலங்கு உதட்டால் உணவைப் பற்றவுமில்லை. ஆகவே உதட்டை அசைப்பதும் ஐந்தாம் நரம்பே என அவர் முடிபு கட்டினார். இங்கேதான் வழுக்கினார். உணவு உதட்டிற் படுவதை உணராத விலங்கு அதனை எவ்வாறு பற்றும்? அவரிடம் முன்னர்ப் பயின்ற ஏபேட் மேயோ 1822 இல் இதனைத் திருத்தினார்: முகத்தை அசைப்பது ஏழாவது, முகத்திற்கு உணர்ச்சி தருவது ஐந்தாவது, மெல்லும் தசைகளை இயக்குவதும் ஐந்தாவதன் ஒரு கூறே.

பெல் 1824 இல் தம் கட்டுரையை மறுபதிப்பிட்டபோது சில சொற்களை மாற்றினார். முதலிலேயே அனைத்தும் அறிந்தவர் போல அவை அமைந்தன. பேரறிஞர்க்கு இது அழகன்று. மேயோவின் பெயரை இன்று அறிவார் சிலரே. ஆயினும், இரு நரம்புகளும் வெவ்வேறு தொழிலின எனத் துணிந்து ஆராய்ச்சியைத் தொடக்கியவர் பெல்லே. அதன்பின், முகநோவுக்கென ஏழாம் நரம்பை அறுப்பதற்கு நியாயம் எதுவும் எஞ்சவில்லை.