அறிவர் கோயிலின் பெயரறியா ஓவியர்

ஓவியத்தைப் பற்றிய ஆராய்ச்சி நம் நாட்டில் பெரும்பாலும் ஓவியத்தோடு நின்றுவிடுகின்றது. எழுதப்பெற்றது யாது, எவர் காலத்தது, எச்சமயத்தைச் சார்ந்தது என்னும் வினாக்களுக்கு விடை கண்டதும் ஆராய்வோர் அமைதியுறுகின்றனர். எழுதியவன் எவ்வாறு உழைத்தான் என்னும் வினா எழுவதே அரிது. மேலைநாட்டு நிலை இவ்வாறன்று. பாஸ்டல் எனப்படும் வண்ணக்கோலால் உருவெழுதிப் புகழ்பெற்ற வெனிசு நகரத்து ரோசல்பா கரியெரா (1673–1757) என்னும் அம்மையார், 1720, 1721ஆம் ஆண்டுகளில் பாரிசு நகரில் தங்கிய காலத்து எழுதிய நாட்குறிப்பு இன்றும் கிடைக்கின்றது. அவர்தம் கடிதங்களும் உள்ளன. முதுமையில் அவர் கண்ணொளி இழந்த துயரமும் யாவரும் அறிந்ததே. நம் ஓவியர்க்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவர்கள் தொழிற்பட்ட சுவர் ஒன்றே உள்ளது. அச்சுவரைச் சான்றாகக் கொண்டு அவர்தம் தொழில் வாழ்வை ஓரளவேனும் அறிதல் கூடுமா என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு ஏற்ற இடம் புதுக்கோட்டைச் சீமையின் குளத்தூர் வட்டாரம். குளத்தூர், தொண்டைமான் மரபின் ஒரு கிளையினர் இருந்து ஆண்ட ஊர். புதுக்கோட்டை தனியரசாக விளங்கிய காலத்துக் குளத்தூர் வட்டத்தில் அடங்கிய ஊர்களுள் சித்தன்னவாசலும் ஒன்று. அங்குள்ள குன்றின் மேற்குச் சரிவில் குடையப்பெற்ற சமணக் குகைக்கோயிலே அறிவர் கோயில். டி. ஏ. கோபிநாத ராவும், அவர்க்குப்பின் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய்லும் இங்குள்ள ஓவியங்களை அறிஞருலகின் கவனத்துக்குக் கொணர்ந்தனர். முதலில் இவை முதலாம் மகேந்திரவர்மன் காலத்தன என்றே கொள்ளப்பட்டன. அப்பல்லவன் ‘சித்திரகாரப்புலி’ என்னும் பட்டம் பூண்டவன் ஆதலின் அக்கருத்து எளிதில் வேரூன்றிற்று. குகையின் புறத்தே பாறையில் பொறித்த தமிழ்ச் செய்யுட் கல்வெட்டு படிக்கப்பெற்ற பின்னர் அக்கருத்து மாறிற்று. 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார் இக்கோயிலின் உள்மண்டபத்தைப் புதுப்பித்து, முன்னே முகமண்டபமும் எடுப்பித்தார் என்பது அக்கல்வெட்டால் விளங்குகின்றது.

இளங்கௌதமனையே ஓவியர் என்று கருதுவாரும் உளர். அது பொருந்துமாறு இல்லை. கல்வெட்டு அவரைப் பணி செய்வித்தவராகவே காட்டுகின்றது. தூரிகை பிடித்தவராகக் காட்டவில்லை. நம் கல்வெட்டுகளின் இயல்பும் அதுவே. அரசன் பெயர் முதலில் வரும். அறம் செய்தோன் பெயர் அடுத்து வரும். கை உழைத்தோர் பெயர் வருதல் மிக அருகியே உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் பெருந்தச்சன் பெயர் கல்லேறியிருத்தல் அவ்வருகிய வழக்குகளுள் ஒன்று. சித்தன்னவாசல் ஓவியர்க்கு அப்பேறு வாய்க்கவில்லை.

இலக்கியத்தின் துணையும் இங்கே ஓரளவே உதவும். சீவக சிந்தாமணியில் சீவகன் குணமாலையின் உருவை எழுதுகின்றான். ஆயினும் அவன் தலைவன், தொழிலாளன் அல்லன். ஓவியத்தைத் தொழிலாகக் கொண்டோரைக் காணவேண்டின் மதுரைக்காஞ்சிக்குச் செல்லவேண்டும். அங்குக் ‘கண்ணுள் வினைஞர்’ என்னும் பெயரால் அவர்கள் கூட்டமாகச் சுட்டப்படுகின்றனர். காண்போர் கண்ணுள்ளே தம் வினையை நிறுத்துவோர் என்பது அப்பெயரின் கருத்து. தொழிலுக்கு இத்துணை அழகிய பெயர் இட்ட சமுதாயம் தொழிலாளியின் பெயரை விட்டுவிட்டமை வியப்பே. கல்வெட்டு ஆசிரியரின் ஊர் மதுரை என்பதையும், மதுரையில் கண்ணுள் வினைஞர் பழமைதொட்டு வாழ்ந்தமையையும் இணைத்து நோக்கின், பணிக்குரிய ஓவியர் அந்நகரினின்றும் அழைத்து வரப்பட்டிருத்தல் கூடும். இஃது ஊகமே, முடிபன்று.

இனிச் சுவரை நோக்குவோம். சென்னை அரும்பொருட் காட்சிச்சாலையைச் சார்ந்த வேதியலறிஞர் எஸ். பரமசிவன் இவ்வோவியங்களை ஆராய்ந்தார். பாறையின்மேல் சுண்ணச்சாந்து பூசி, அதன்மேல் மெல்லிய சுண்ணப்பூச்சு இட்டு, அப்பரப்பில் வண்ணம் தீட்டியுள்ளனர். வெண்மைக்குச் சுண்ணம், கருமைக்குக் கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவி மண் வகைகள், பசுமைக்குப் பச்சை மண் என வண்ணங்களுள் பெரும்பாலன நிலத்தினின்று பெற்றவையே. வண்ணக்கோல் ஓவியத்தோடு இதனை ஒப்பிடுதல் பயன் தரும். இரண்டிலும் எண்ணெய் இல்லை. இரண்டிலும் காண்பது வண்ணப்பொடியின் மங்கா மென்மையே. ஆயின் வண்ணக்கோல் எழுதுவோன் பொடியைச் சிறிதளவு பிசினால் பிணைத்த கோல்களை நூற்றுக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். தாளில் இட்ட நிறமே நிலைக்கும் நிறம். வேண்டாதபோது துடைத்தெழுதலும் ஆகும். சுண்ணப்பரப்பில் எழுதுவோனுக்கு இவ்வுரிமைகள் இல. சுண்ணத்தின் காரத்தைத் தாங்காத தாவரச் சாயங்களை அவன் பெரும்பாலும் விலக்கவேண்டும். ஆகவே அவன் கையில் இருப்பன சில நிறங்களே. அவையும் ஈரத்தில் ஒருவகையாகவும் உலர்ந்தபின் வேறுவகையாகவும் தோன்றும். நாளை எந்நிறமாகும் என்பதை இன்றே அறிந்து தீட்டுதல் வேண்டும். இவ்வறிவு நூலில் கற்பதன்று. ஆசிரியன் பக்கலில் இருந்து பல ஆண்டு சாந்து அரைத்தவனுக்கே கைவருவது.

உள்மண்டப விதானத்தில் உள்ள தாமரைத் தடாகத்தைக் கண்டார்க்கு இவ்வறுமை தோன்றாது. இலையின் பசுமை, மலரின் செம்மை, இடையே மீனும் அன்னமும் எருமையும் யானையும், பூக்கொய்யும் மாந்தர் மூவர் என அவ்விடம் நிறைந்துள்ளது. அம்மூவருள் இருவர் செம்மேனியர். ஒருவர் பொன்மஞ்சள் நிறத்தினர். சமவசரணத்தைச் சூழ்ந்த தடாகத்தில் பவ்வியர் மலர் பறிக்கும் காட்சி என்பது அறிஞர் பலர் கொள்கை. சில நிறங்களைக் கொண்டு மூவரையும் வேறுபடுத்திய திறம் நோக்கற்பாலது.

இத்தடாகம் தலைக்குமேல் உள்ளது என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். முதுகலை மாணவர் சிலருடன் ஒருமுறை அங்குச் சென்றிருந்தபோது, சிறிது நேரம் அண்ணாந்து நோக்கியதற்கே எம் கழுத்து நொந்தது. ஓவியனோ அண்ணாந்தே பல நாள் எழுதினான். சாந்துத் துளியும் வண்ணத் துளியும் அவன் முகத்தில் வீழ்ந்திருக்கும். சுண்ணம் கண்ணில் பட்டால் எரிச்சல் எளிதில் நீங்காது. குகை மேற்கு நோக்கியது. ஆகவே உச்சிப்பொழுது கடந்த பின்னரே உள்ளே நேர்வெயில் புகும். அதன் முன் பாறையில் எதிரொளிக்கும் வெளிச்சமே அவனுக்குத் துணை. அல்லது விளக்கு வேண்டும், விளக்கின் புகையோ புதுப்பூச்சுக்குப் பகை. புதுக்கோட்டைப் பகுதியின் கோடைக்காற்றில் பூச்சு விரைந்து உலர்ந்து வெடிக்கும் ஆதலின், குளிர்ந்த மாதங்களிலேயே பணி நடந்திருக்கும் என்று கருதத் தோன்றுகின்றது.

தூண்களில் உள்ள ஆடல்மகளிர் இருவர் உருவங்களில் இன்று கோடே சிறந்து நிற்கின்றது. வண்ணம் தீட்டாத கோட்டோவியத்தைப் பழந்தமிழர் ‘புனையா ஓவியம்’ என்றனர். காலம் வண்ணத்தைக் கவர்ந்துகொண்டு, புனைந்த ஓவியத்தை மீண்டும் ஏறத்தாழப் புனையா ஓவியமாக்கிவிட்டது. ஓவியனது கை எங்கே தயங்கியது, எங்கே ஒரே வீச்சில் சென்றது என்பதை அறிய இந்த இழப்பே நமக்கு உதவுகின்றது. உயர்த்திய கையின் தோள்முதல் விரல்நுனி வரை செல்லும் கோட்டில் தயக்கம் சிறிதும் இல்லை.

கூறவேண்டிய செய்தி இன்னும் ஒன்று உண்டு. இங்கு ஓவியப் பூச்சு இரண்டு அடுக்காக இருத்தலைத் தொல்பொருளறிஞர் கே. ஆர். சீனிவாசன் கண்டறிந்தார். அடியில் பழைய ஓவியம். அதன்மேல் புதிய ஓவியம். இளங்கௌதமன் புதுப்பித்தார் என்று கல்வெட்டுக் கூறுவதற்கு இதுவே விளக்கம் ஆகலாம். அங்ஙனமாயின் 9ஆம் நூற்றாண்டு ஓவியன் முதலில் செய்த பணி, தனக்கு முற்பட்ட மற்றோர் ஓவியனின் கைவினையைச் சாந்திட்டு மறைத்தது. அப்பழையவன் மகேந்திரன் காலத்தவனா, பின்னவனா என்பது தெளிவுறவில்லை. கருவறை விதானத்தில் கம்பளம் விரித்தாற்போன்ற கோலம் காணப்படுகின்றது. அதன் கட்டங்களை அளந்து பகுத்தவன் முன்னவனோ பின்னவனோ, அவனது அளவுநூல் எங்கும் பிறழவில்லை.