மூணாறு தேயிலைத் தோட்டங்களில் தொழிற்சங்கம்

மூணாறு அமைந்துள்ள, இடுக்கி மாவட்டத்தின் கண்ணன் தேவன் மலையை 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து குத்தகைக்குப் பெற்றார். காடு தோட்டமானபோது தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டியவர்கள் கங்காணிகள். அவர்கள் கொடுத்த முன்பணம் தொழிலாளர்களைக் கடனில் கட்டிப்போட்டது. குடியிருந்த லயம் என்ற வரிசை வீடும் தோட்டக் கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். இந்த அச்சமே சங்கம் சேர்வதற்கு முதல் தடை.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டையும் மருத்துவத்தையும் நிர்வாகத்தின் கடமையாக்கியது. ஏஐடியுசி, ஐஎன்டியுசி, பின்னர் சிஐடியு ஆகிய தொழிற்சங்கங்கள் வேரூன்றின. 1958இல் இத்தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரு தொழிலாளர்கள் இறந்தனர். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சங்கத் தலைமையோ ஆண்களிடமும் கட்சிகளிடமும் இருந்தது.

2015 செப்டம்பரில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்ததும், ஆயிரக்கணக்கான பெண்கள் சங்கங்களை ஒதுக்கிவிட்டு மூணாறில் சாலையை மறித்தனர். ‘பெம்பிளை ஒருமை’ எனப் பெயர்பெற்ற அப்போராட்டத்தால், போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. 232 ரூபாய் நாட்கூலியை 500 ஆக்கும் கோரிக்கை மட்டும் அடுத்த மாதம் 301இல் நின்றது. அந்தக் கூலிப் பேச்சில் அமர்ந்தவை பழைய சங்கங்களே. பின்னர் தலைவர்களிடையே பிளவு வந்தது, இயக்கம் தேய்ந்தது. தெருவில் திரள்வது எளிது. பேச்சுமேசையில் இடம்பிடித்து நிலைப்பதே கடினம்.